மஞ்சளா ஒரு ரெண்டு ரூபா கெடைச்சா எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கணும்

வித்தியாசமா ஒரு காசு கையில வந்துட்டா எல்லாரும் மொதல்ல பாக்கறது கலரைத்தான். செகப்பா ஒரு ரூபா, மஞ்சளா ரெண்டு ரூபா, வெள்ளையா அஞ்சு ரூபா, உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி "இது எரர் காயினா, எவ்ளோ போகும்"னு கேள்வி. எரர் காயின்னா அடிக்கற எடத்துலயே தப்பா உருவான காசு. கலரைக் கடைசியா பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒரு காசோட கலரை மாத்தறது அவ்ளோ சுலபமான வேலை, அதை சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல நின்னு பாத்தவன் நான்.

எங்க அப்பா தங்கசாலைக்குப் பின்னாடி ஒரு சந்துல முலாம் பட்டறை வெச்சிருந்தாரு. கவரிங் செயின், வளையல், கோயில் கவசத்துக்கு கில்ட்டு, கல்யாண மண்டபத்துக்காரங்க கொண்டாந்து குடுக்கற குத்துவிளக்கு, எல்லாம் வரும். ஸ்கூல் விட்டா வண்ணாரப்பேட்டையிலேர்ந்து நேரா அங்கதான் போவேன். அந்த வேலைக்கு நடுவுல யாராவது ஒரு காயினைக் கொண்டாந்து "அண்ணே இதுக்கு கொஞ்சம் தங்கம் ஏத்திக் குடுங்க, சாமி ரூம்ல வெக்கணும்"னு கேப்பாங்க, அப்பாவும் வளையலோட சேத்து அதையும் தொட்டியில எறக்கிடுவாரு. யாரும் ஏமாத்தறதுக்காகக் கேக்கல. காமராஜர் அஞ்சு ரூபா, பழைய ஒரு ரூபா, கொழந்தை பொறந்த வருஷத்துக் காசு, இப்படி ஆசைக்குப் பண்றது. ஆனா அந்தக் காசு எப்பவோ ஒருநாள் உண்டியலுக்கோ கல்லாப்பெட்டிக்கோ போயிடும், அப்புறம் அதோட கதை தெரியாத ஒருத்தர் கையில மாட்டும், அவருக்கு அது மின்ட்லேர்ந்து, அதாவது காசு அடிக்கற அரசாங்க ஆலையிலேர்ந்து, அப்படியே வந்த அதிசயமாத்தான் தெரியும்.

அதனால நான் எந்தக் காயினைப் பாத்தாலும் மனசுல ஒரே ஒரு கேள்விதான் வெச்சுக்குவேன். இந்த வித்தியாசம் அச்சு விழறதுக்கு முன்னாடி வந்துச்சா, விழும்போது வந்துச்சா, விழுந்த பிறகு வந்துச்சா? முதல் ரெண்டும் மின்ட் எரர். மூணாவது எதுவா இருந்தாலும் எரர் இல்ல, யாரோ பண்ண வேலை, இல்லன்னா காசுக்கு நடந்த சேதாரம். கேசரிப்பவுடரை மாவுலயே போட்டுப் பிசைஞ்சாங்களா, இல்ல பலகாரம் வெந்த பிறகு மேல தடவுனாங்களான்னு பிச்சுப் பாத்தா தெரியுமில்ல, அதே மாதிரிதான். காசைப் பிய்க்க முடியாது, அதனால பிய்க்காமலே கண்டுபிடிக்கிற வழி வேணும்.

அதுக்கு மின்ட்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். நம்ம நாட்டுல இப்போ மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டான்னு நாலு இடத்துல காயின் அடிக்கறாங்க. பெரிய உலோகத் தகடு சுருளா வரும், அதுலேர்ந்து வட்டம் வட்டமா வெட்டி எடுப்பாங்க, அந்த வெறும் வட்டத்துக்கு பிளான்க்னு பேரு. அதை சூளையில சூடு பண்ணி மெதுவாக்கி, ஆசிட்ல கழுவி, ஓரத்தை உருட்டி லேசா தூக்கி விட்டு, அப்புறம் கீழ ஒரு டை மேல ஒரு டை (டைன்னா படம் செதுக்கின அச்சு), சுத்தி காலர்னு ஒரு வளையம், அதுக்குள்ள வெச்சு ஒரே அடி. அந்த அடியிலதான் ரெண்டு பக்கமும் படம் எழுத்து விளிம்புக் கோடு எல்லாம் ஒண்ணா உருவாகுது, உலோகம் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு ஓடி டைக்குள்ள இருக்கற பள்ளத்தையெல்லாம் ரொப்புது. புதுக் காசை லைட்டுக்குக் கீழ திருப்புனா சக்கரம் மாதிரி ஒரு பளபளப்பு சுத்தும் பாருங்க, அது உலோகம் ஓடுன தடம்.

இப்போ கலர் மாறுன எரர்னு ஒண்ணு நெசமாவே இருந்தா அது எப்படி வந்திருக்கும்? பெரும்பாலும் வேற காசோட பிளான்க் தப்பிப்போய் இந்த மிஷினுக்குள்ள விழுந்திருக்கணும். அப்படி விழுந்தா கலர் மட்டும் மாறாது, எடை மாறும், அளவு மாறும், மேக்னட்ல ஒட்டறது மாறும், ஓரத்துல எழுத்து சரியா விழாது. எல்லாம் சேந்து மாறும். முலாம்னா கலர் மட்டும்தான் மாறியிருக்கும், மத்தது எல்லாம் பழைய காசாவே இருக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டாலே பாதி காயினுக்குப் பதில் வந்துடும்.

நம்பரோட சொல்றேன். 2011-லேர்ந்து 2018 வரைக்கும் வந்த ₹ குறி போட்ட ஒரு ரூபா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 3.79 கிராம், குறுக்களவு கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர். ரெண்டு ரூபாயும் அதே ஸ்டீல், 4.85 கிராம், 25 மில்லி. அஞ்சு ரூபா நிக்கல் பித்தளை, 6 கிராம், 23 மில்லி. ஸ்டீல் ரெண்டும் மேக்னட்ல நல்லா ஒட்டும், அஞ்சு ரூபா ஒட்டவே ஒட்டாது. இப்போ மஞ்சளா ஒரு ரெண்டு ரூபா வருதுன்னு வெச்சுக்கோங்க. அது நெசமாவே அஞ்சு ரூபா பிளான்க்ல அடிச்சதுன்னா எடை 6 கிராம் பக்கத்துல இருக்கணும், மேக்னட் இழுக்கக் கூடாது, பிளான்க் 23 மில்லி ஆனா காலர் 25 மில்லிங்கறதால உலோகம் ஓரம் வரைக்கும் சரியா போய்ச் சேந்திருக்காது, ஓரத்து எழுத்து மங்கியோ பாதி அறுந்தோ நிக்கும். அப்படியில்லாம எடை 4.85, மேக்னட் டக்குனு புடிக்குது, ஓரம் சுத்தமா இருக்குன்னா உள்ள இருக்கறது சாதா ஸ்டீல் ரெண்டு ரூபாதான், மஞ்சள் மேல வந்து உக்காந்தது.

செம்பு கலர் ஒரு ரூபாவுக்கும் இதே கணக்கு. காசிமேட்டுல மீன் விக்கற ஒரு அக்கா அப்படி ஒண்ணை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க, "தம்பி, இது செம்பாலயே செஞ்சதாமே, ஒருத்தர் ஐநூறு தர்றேன்னாரு, குடுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க. ஸ்டீலோட அடர்த்தி 7.7 பக்கம், செம்போடது 8.96. அதே அளவு காசு முழுசா செம்புல இருந்தா சுமார் 4.4 கிராம் வரணும். அந்தக் காசு 3.8 கூட தாண்டல, மேக்னட்ல வேற போய் ஒட்டிக்கிச்சு. அக்காகிட்ட உள்ளதைச் சொன்னேன், இது முலாம், வாங்கறவருக்கும் அதையே சொல்லிடுங்கன்னு. சொன்னாங்களாம், அவர் வாங்கல. அவங்களுக்கு வருத்தம்தான், ஆனா நாளைக்கு அந்த ஆளு திரும்பி வந்து மார்க்கெட்ல நின்னு சத்தம் போடற நெலமை வரல.

இதே கதை அமெரிக்காவுல எண்பது வருஷமா நடக்குது. 1943-ல யுத்தத்துக்கு செம்பு வேணும்னு அவங்க ஒரு சென்ட் காசை துத்தநாகம் பூசின ஸ்டீல்ல அடிச்சாங்க, எடை 2.7 கிராம். முந்தின வருஷத்து வெண்கல பிளான்க் கொஞ்சம் மிச்சம் இருந்து மிஷினுக்குள்ள போயிடுச்சு, அந்த சில காசுங்க 3.11 கிராம், அதுக்கு இன்னைக்கு லட்சக்கணக்குல டாலர் விலை. விலை ஏறுனதும் என்ன பண்ணாங்க, சாதா ஸ்டீல் சென்ட்டுக்கு செம்பு முலாம் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. அங்கயும் மொதல்ல மேக்னட்தான் எடுக்கறாங்க. அதுக்கும் முன்னாடி 1883-ல அஞ்சு சென்ட் நிக்கல் காசுல 'சென்ட்'ங்கற வார்த்தையைப் போடாம 5-ங்கறதுக்கு ரோமன் எழுத்து V மட்டும் போட்டு விட்டாங்க, அதுக்குத் தங்க முலாம் ஏத்தி அஞ்சு டாலர் தங்கக் காசுன்னு மாத்தினவங்க இருந்தாங்க. முலாமும் காசும் சேந்தா இந்த வேலை எந்த ஊர்லயும் நடக்கும்.

சரி, தராசு மட்டும் போதுமான்னா போதாது. தங்க முலாம் கனம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்கிட்டா ரெண்டு ரூபா சைஸ் காசுல மொத்தமா ஏறற தங்கம் 0.02 கிராம்தான். காசு தேய்ஞ்சதுல போற எடையே அதைவிட ஜாஸ்தி இருக்கும். எடை கூடலையே அதனால முலாம் இல்லன்னு யாராவது சொன்னா அது செல்லாத வாதம். உள்ள இருக்கற உலோகம் எதுன்னு சொல்லத்தான் எடை, மேல என்ன இருக்குன்னு பாக்க கண்ணுதான் வேணும். அடகுக்கடையில வெச்சிருக்கற மாதிரி 0.01 கிராம் காட்டற தராசு ஒண்ணு, பத்து மடங்கு பெருசா காட்டற லென்ஸ் ஒண்ணு, ரெண்டும் இப்ப சல்லிசா கெடைக்குது.

லென்ஸ்ல என்ன பாக்கணும்னு பட்டறையில கத்துக்கிட்டதை சொல்றேன், இது காயின் புஸ்தகத்துல அவ்வளவா இருக்காது. முலாம் போடற பொருளை மெல்லிசு செம்புக் கம்பியில கட்டித்தான் தொட்டியில தொங்க விடணும், கரன்ட் அந்தக் கம்பி வழியாத்தான் போகுது. கம்பி தொட்ட எடத்துல முலாம் ஏறாது. அனுபவஸ்தர் நடுவுல கம்பியை நகத்தி விடுவாரு, அவசரத்துல பண்ணா விளிம்புல எங்கயாவது ஒரு சின்னக் கோடு, புள்ளி, பழைய கலர் அப்படியே தெரியும். காசை விளிம்போட சுத்தித் திருப்பிப் பாருங்க, அந்தத் தழும்பு பல சமயம் மாட்டும்.

ரெண்டாவது, கரன்ட் எப்பவும் கூரான எடத்துக்கும் ஓரத்துக்கும்தான் ஜாஸ்தி போகும். அதனால ஓரத்துல முலாம் தடியா உக்காரும், எழுத்துக்கு நடுவுல இருக்கற பள்ளம், அசோகத் தூண் சிங்கத்தோட பிடரி மடிப்பு, இந்த மாதிரி எடத்துல மெல்லிசா, சில சமயம் ஏறாமலே கூட இருக்கும். அப்புறம் காசு கை மாறி மாறிப் போகும்போது தேயறது மேடான எடம். ஆக முலாம் போட்ட காசுல பள்ளத்துல ஒரு கலர் வெளிறும், மேட்டுல ஒரு கலர் உரியும். பிளான்க்கே மஞ்சள் உலோகம்னா எவ்ளோ தேய்ஞ்சாலும் தேய்ஞ்ச எடமும் அதே மஞ்சள்தான்.

மூணாவது பஃபிங். முலாம் ஏத்தறதுக்கு முன்னாடி பொருளைத் துணிச் சக்கரத்துல வெச்சுத் தேய்ச்சு மெருகேத்துவோம், இல்லன்னா ஏறுன முலாம் மங்கலாத் தெரியும். அப்படித் தேய்ச்சதுல எழுத்தோட கூர்மை போயிடும், முனையெல்லாம் வழிஞ்ச மாதிரி இருக்கும், நான் மேல சொன்ன அந்த சக்கரப் பளபளப்பு போய் கண்ணாடி மாதிரி ஒரே சீரா மினுங்கும். அதோட பழைய கீறல், அடிபட்ட குழி எல்லாத்துக்கு மேலயும் புதுக் கலர் படிஞ்சிருந்தா சந்தேகமே வேணாம், காசு பல வருஷம் ஓடினதுக்கு அப்புறம்தான் அந்தக் கலர் வந்திருக்கு. புத்தம்புதுக் காசை பஃப் பண்ணாம மெல்லிசா முலாம் போட்டா மட்டும் பளபளப்பு கொஞ்சம் மிஞ்சும், அதுக்குத்தான் எடையும் மேக்னட்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல முலாம் நிக்க வெக்கறது கஷ்டமான வேலைன்னும் சொல்லணும். அதுல இருக்கற குரோமியம் மேல ஒரு மெல்லிசு ஆக்சைடு படலம் போட்டுக்கும், அதை ஆசிட்ல உடைச்சு மொதல்ல ஒரு நிக்கல் அடி குடுக்காம நேரா செம்பு ஏத்துனா கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சுடும். இந்த ஸ்டீல் காசு மேல அவசரமா போட்ட முலாமை நான் பாத்த வரைக்கும் ஓரத்துல செதில் கெளம்பாதது அபூர்வம். ஆனா அதைப் பாக்கணும்னு ஊசியால சுரண்டாதீங்க, செல்லோடேப் ஒட்டி இழுக்காதீங்க. ஒருவேளை நெசமான எரரா இருந்தா அந்த ஒரு சுரண்டல்ல பாதி மதிப்பு போச்சு. சுரண்டாம பதில் சொல்லத்தான் இவ்ளோ வழி இருக்கு.

வெள்ளை அஞ்சு ரூபாவுல கொழப்பம் அதிகம், ஏன்னா நெசமான வெள்ளை அஞ்சு ரூபாவே முக்கியமா ரெண்டு வகை ஓடியிருக்கு. 1992-லேர்ந்து வந்த தடிமனான 9 கிராம் கப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது) காசு, மேக்னட்ல ஒட்டாது. 2007, 2008-ல வந்த 6 கிராம் ஸ்டீல் காசு, ஒட்டும். இது ரெண்டையும் எரர்னு விக்கறவங்க இருக்காங்க, ரெண்டும் கோடிக்கணக்குல அடிச்ச சாதாக் காசு. அதுக்கு அப்புறம் வந்த மஞ்சள் அஞ்சு ரூபா டிசைன்ல வெள்ளையா ஒண்ணு வந்தாத்தான் கவனிக்கணும். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, நிக்கல் முலாம் போட்டிருந்தா நிக்கலும் மேக்னட் இழுக்கற உலோகம்தான், அதனால பவரான மேக்னட்ல லேசா ஒரு அசைவு வரும். அதைப் பாத்துட்டு "ஸ்டீல் பிளான்க்"னு முடிவு பண்ணிடக் கூடாது. ஸ்டீல்னா காசையே தூக்கும், முலாம்னா தயங்கித் தயங்கி நகரும். தராசுல 6 கிராம் வந்தா பித்தளை மேல முலாம், 3.79 வந்தா ஒரு ரூபா பிளான்க்கா இருக்கலாம், அப்போ நிமிந்து உக்காந்து பாக்கலாம்.

அப்படி ஒண்ணை நான் பாத்திருக்கேன், கல்மண்டபம் பக்கத்துல டீக்கடை வெச்சிருக்கற ஒரு அண்ணன் கல்லாவுல வந்தது. வெள்ளையா, கொஞ்சம் சின்னதா, சுத்தி விளிம்பு சரியா எழும்பாம. தராசுல வெச்சா ஒரு ரூபா எடை அப்படியே காட்டுச்சு, மேக்னட் தூக்குச்சு, லென்ஸ்ல பாத்தா உலோகம் ஓடின தடம் எழுத்து ஓரத்துல அப்படியே இருந்துச்சு, கம்பித் தழும்பு எங்கயும் இல்ல. எடை, அளவு, மேக்னட், ஓரம், கலர் அஞ்சும் ஒரே கதையைச் சொன்னா அதுதான் எரர். எனக்குக் கை நடுங்குன மாதிரி இருந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்.

பத்து ரூபாவுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. வெளி வளையமும் நடுவட்டமும் வேற வேற உலோகம், ரெண்டும் சேர்ற எடத்துல மெல்லிசா ஒரு கோடு சுத்தி ஓடும். முழுசா மஞ்சளா, முழுசா வெள்ளையா ஒரு பத்து ரூபா வந்தா அந்தக் கோட்டை லென்ஸ்ல பாருங்க. முலாம்னா கலர் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே போர்வையா போயிருக்கும், பல எடத்துல கோடே ரொம்பியிருக்கும். நடுவட்டம் கழண்டு போன பத்து ரூபாவையும் எரர்னு கொண்டு வர்றாங்க, வளையத்துல இருக்கற டிசைன் உள் ஓரத்துல சுத்தமா வெட்டுப்பட்டு நின்னா அடிச்ச பிறகு தட்டிக் கழட்டினது. நடுவட்டம் இல்லாமலே அடி வாங்கியிருந்தா உலோகம் உள்பக்கமா பிதுங்கியிருக்கும்.

கலர் மாற முலாம் மட்டும்தான் காரணம்னு இல்ல. புளி போட்டுத் தேய்ச்ச அஞ்சு ரூபா செவந்து போகும், புளிப்பும் உப்பும் பித்தளையில இருக்கற துத்தநாகத்தை மொதல்ல தின்னுடும், மேல செம்பு மிஞ்சும். துறைமுகம் பக்கம் உப்புக் காத்துல கெடந்த காசுக்கும் இது நடக்குது. உண்டியல் காசுல மஞ்சள், எண்ணெய் எல்லாம் சேந்து ஒரு கலர் ஏறும். தீயில விழுந்தா கருகும். இதெல்லாம் அச்சுக்கு அப்புறம் நடந்தது. ஆனா மின்ட் சூளையிலேயே பிளான்க் அளவுக்கு மீறி சூடாகி, செம்பு மேல வந்து கருத்தோ செவந்தோ போறதும் உண்டு, கப்ரோ நிக்கல்ல அது நடக்கும், அதுதான் நெசமான கலர் எரர். அதுல நிறத்துக்கு மேல அச்சுத் தடம் இருக்கும். முலாம்ல அச்சுத் தடத்துக்கு மேல நிறம் இருக்கும். எது மேல எதுங்கறதுதான் தீர்ப்பு.

கலரை விட்டுட்டு பாத்தாலும் இதே கேள்விதான். ஒரே தலை ஒரு பக்கம் மேடாவும் மறுபக்கம் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாறிப் பள்ளமாவும் விழுந்திருக்கற காசை நம்ம பக்கத்துல காசு சேக்கறவங்க லக்கி காயின்னு சொல்வாங்க, முந்தின காசு டையிலயே ஒட்டிக்கிட்டு நின்னு அடுத்த காசு மேல பதிஞ்சதால வர்றது. ரெண்டு காசை வைஸ்ல, அதாவது பட்டறை இடுக்கியில, வெச்சு நெருக்கியும் அது மாதிரி பண்றாங்க, அதுல பள்ளத்துக்கு அடியில பழைய டிசைன் நசுங்கிக் கெடக்கும், உத்துப் பாத்தா தெரியும். அதே மாதிரி வருஷத்துக்குக் கீழ மின்ட் குறி இல்லன்னு சொல்லி எரர்ங்கறாங்க. ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு புள்ளி, மும்பைக்கு டைமண்ட், கொல்கத்தாவுக்குக் குறியே கெடையாது. குறி இல்லன்னா கொல்கத்தான்னு அர்த்தம், அவ்ளோதான்.

இதுல எனக்குக் கோவம் வர்றது ஒரு எடத்துலதான். வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாவுக்கு லட்சம் தர்றோம்னு வீடியோ போட்டு, மொதல்ல ரிஜிஸ்டர் பண்ண பணம் கட்டுங்க, அப்புறம் வரி கட்டுங்கன்னு உருவறாங்க. ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு, பழைய நோட்டு காயின் வாங்கி விக்கற எந்த வேலையும் நாங்க பண்றதில்ல, எங்க பேர்ல கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி குடுக்கலன்னு. அனுமார் படம், ராமர் பட்டாபிஷேகம், 1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனின்னு எழுதுன பித்தளை வில்லையும் அந்த வகைதான், கம்பெனி அப்படி ஒரு காசை அடிச்சதே இல்ல. தெனக்கூலிக்குப் போறவங்க, பூ கட்டி விக்கறவங்கதான் இதுல மாட்டறாங்க, கையில இருக்கற அஞ்சு ரூபாவை நம்பி ஐயாயிரத்தை விட்டுட்டு வர்றாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இப்படி ஒரு நம்பருக்குப் பேசறதைக் கேட்டா தயவு செஞ்சு உக்காத்தி வெச்சு சொல்லுங்க. வாங்கறவன் விக்கறவங்ககிட்ட பணம் கேக்க மாட்டான்.

டீக்கடை அண்ணனோட காசு இப்போ அவர்கிட்டயேதான் இருக்கு. ஏலத்துல விடலாமான்னு யோசிக்கறாரு, நான் அவசரப்படாதீங்கன்னு சொல்லி ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டுக் குடுத்திருக்கேன், பிவிசி உறை இல்ல, அது நாள்பட்டா காசு மேல பச்சையா கசியும். உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருந்தா கழுவாதீங்க, எண்ணெய் தடவாதீங்க, ஓரத்தைப் புடிச்சுத் தூக்குங்க. யார்கிட்டயாவது காட்டணும்னா ரெண்டு பக்கம் போட்டோ மட்டும் பத்தாது. விளிம்பு ஒரு போட்டோ, தராசு மேல காசு உக்காந்திருக்கறப்ப நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, அதே வகை சாதாக் காசை பக்கத்துல வெச்சு ஒண்ணு, மேக்னட் புடிக்குதா இல்லையான்னு ஒரு வரி. வெயில்ல எடுங்க, டியூப்லைட்ல மஞ்சளும் வெள்ளையும் ஏமாத்தும்.